பதினெட்டுக்கு முப்பத்தாறு

"கடைசியில பதினெட்டுக்கு முப்பத்தாறு கிடைச்சிடுச்சு சார்!"

லிஃப்டில் ஏறியதும் மூன்றாம் மாடிக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மனை வாங்கியிருக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, "ரொம்ப சந்தோஷம். எந்தப் பக்கம்? பட்டா எல்லாம் கிளியரா இருக்கா?" என்று விசாரித்தேன். மனிதர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். 18 கிராம் காபித்தூளிலிருந்து 36 கிராம் காபி, 28 விநாடியில் இறங்கியிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். மூன்று வாரமாக 19 விநாடியிலேயே கொட்டிக்கொண்டிருந்ததாம்.

இவரைப் போல ஒருவர் உங்கள் அடுக்ககத்திலும் இருக்கக்கூடும். அடையாளம் சுலபம். நாற்பதைத் தொட்ட வயது, கம்ப்யூட்டர் உத்தியோகம், நகக்கண்ணில் காபித்தூள். கிரிக்கெட், அரசியல் எதை எடுத்தாலும் மூன்றாவது வாக்கியத்தில் காபிக்கு வந்துவிடுவார். நாமே காபியைப் பற்றிப் பேச்செடுத்தால் முதல் வாக்கியத்திலேயே திருத்துவார். "எக்ஸ்பிரஸோ இல்லை சார், எஸ்பிரஸோ. நடுவுல எக்ஸ் கிடையாது." நமக்குத் தெரிந்த எக்ஸ்பிரஸோ, கல்யாண ரிசப்ஷனில் புஸ்ஸென்று ஆவி விட்டு, நுரைக்கு மேல் சாக்லேட் பொடி தூவித் தருவது. அதை மட்டும் அவர் எதிரில் சொல்லிவிடக் கூடாது.

இந்த மார்க்கத்தின் முதல் விதி, மிஷினைவிட கிரைண்டர் முக்கியம் என்பது. கொட்டை ஒரே சீராக அரைபடாவிட்டால் லட்ச ரூபாய் மிஷினும் வெந்நீர்க் குழாய்தான். ஆகவே அவர் ஒருநாள் மனைவியிடம், "நல்ல கிரைண்டரா ஒண்ணு வாங்கப்போறேன்" என்றார். அந்த அம்மாளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உடனே ஊருக்கு ஃபோன் போட்டார். மாமியார், "மாப்பிள்ளைக்கு இவ்வளவு கரிசனமா? கோயம்புத்தூர் கிரைண்டர்தானே? எத்தனை லிட்டர்?" என்று கேட்டார். வந்து இறங்கியதோ ஒரு தடவைக்கு 18 கிராம் அரைப்பது. அரை இட்லிக்குக்கூடக் காணாது.

செலவுக்கு அவரிடம் கணக்கு உண்டு. "வெளியில ஒரு கப்புச்சினோ 250 ரூபாய். நாளைக்கு ரெண்டு குடிச்சா மாசம் 15,000. மிஷினும் கிரைண்டரும் சேர்ந்து 90,000. ஆறே மாசத்துல போட்ட பணம் வந்துடும்!" மனைவியிடமும் கணக்கு உண்டு. "இவர் நாளைக்கு ரெண்டு வேளை தெருமுனைக் கடையில 15 ரூபாய் காபி குடிச்சிட்டிருந்தார். அந்தக் கணக்குப்படி எட்டு வருஷம் ஆகும்."

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு அழைப்பு வந்தது. "காலையில ஏழு மணிக்கு வாங்க. வீட்டுல காபி குடிச்சிட்டு வராதீங்க, நாக்கு கெட்டுடும்." ரத்தப் பரிசோதனைக்குப் போகிறவனைப் போல வெறும் வயிற்றோடு போனேன்.

மிஷின் சூடேற அரை மணி நேரமாம். அந்த அரை மணியும் சரித்திர வகுப்பு. 1884-இல் டூரின் நகரத்து ஆஞ்செலோ மோரியோந்தோ ஆவியில் காபி இறக்கும் மிஷினுக்கு முதல் உரிமம் வாங்கியது. 1901-இல் மிலானில் லூயிஜி பெட்ஸெரா அதை ஒவ்வொரு கோப்பையாக இறக்கும்படி மாற்றியது. 1948-இல் அக்கில்லே காஜ்ஜியாவின் நெம்புகோல் மிஷின் வந்த பிறகுதான் காபிக்கு மேல் பொன்னிற நுரை கட்டியது. கடைசியில் 1961-இல் பம்பு வைத்து வந்த ஈ61. அந்த வருஷம் நிகழ்ந்த சூரிய கிரகணத்தின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்களாம். கிரகணம் பிடித்தால் நாம் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருப்போம். இத்தாலிக்காரன் அதன் பேரில் காபி போட்டிருக்கிறான்.

"உள்ள 9 பார் அழுத்தம் சார்" என்றார் பெருமையோடு. கார் டயரில் அடிக்கும் காற்று 2 பாருக்குக் கொஞ்சம் மேலே. குக்கர் விசிலடிப்பது 1 பாரில். நான் நாற்காலியைச் சற்றுப் பின்னால் நகர்த்திக்கொண்டேன்.

பிறகு காரியம் ஆரம்பமானது. ஃபிரீஸரைத் திறந்தார். பச்சைப் பட்டாணிப் பாக்கெட்டுக்கும் ஐஸ் தட்டுக்கும் நடுவே வரிசையாகக் கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் 18 கிராம் கொட்டை. ஒன்றை எடுத்து, நகைக்கடைத் தராசு போன்ற ஒன்றில் நிறுத்தார். 18.1 காட்டியது. ஒரு கொட்டையை எடுத்தார். 17.9. வைத்தார், எடுத்தார். அதைவிடச் சின்னக் கொட்டையாகத் தேடிப் போட்டார். அப்புறம் அதன் மேல் ஒரு துளி தண்ணீர் தெளித்தார். அரைக்கும்போது தூள் பறந்து ஒட்டாமலிருக்க என்றார். சாந்தி கழிப்பது என்றல்லவா நான் நினைத்தேன்!

அரைத்த தூளைக் கைப்பிடி வைத்த கரண்டியில் கொட்டி, நாலைந்து ஊசி செருகிய ஒரு கருவியால் கிளறினார். 2005-இல் ஜான் வைஸ் என்பவர் சொல்லிக்கொடுத்த முறையாம். தூள் கட்டி தட்டியிருந்தால் தண்ணீர் இளகிய இடத்தில் வாய்க்கால் வெட்டிக்கொண்டு ஓடிவிடும், மிச்சத் தூளில் சாரம் இறங்காது. இவ்வளவு அக்கறை நம் ஏரி மதகுகளுக்குக் கிடைத்திருந்தால் கடைமடை வரை தண்ணீர் போயிருக்கும்.

தண்ணீருக்கும் தனிச் சமையல் நடக்கிறது. சென்னைத் தண்ணீர் மிஷினுக்குள் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். சுத்திகரித்த தண்ணீரிலோ உப்பே இல்லாததால் காபி சப்பென்றிருக்கும். ஆகையால் வாலை வடித்த நீர் வாங்கி, அதில் சிட்டிகையிலும் சிட்டிகையாக எப்சம் உப்பும் சோடா உப்பும் கலக்கிறார். எப்சம் உப்புக்கு நாட்டு மருந்துக் கடையில் என்ன பெயர் என்று அவருடைய அம்மாவுக்குத் தெரியும். "பேதி உப்பைப் போட்டுக் காபி கலக்கறான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

முதல் ஷாட் இறங்கியது. 22 விநாடி. ஸிங்க்கில் கொட்டினார். இரண்டாவது, 41 விநாடி. அதுவும் ஸிங்க்குக்கு. அந்த வீட்டில் அதிகம் காபி குடிப்பது ஸிங்க்தான். 250 கிராம் பொட்டலத்தில் 13 ஷாட் தேறும். அதில் ஏழெட்டு, கிரைண்டரைச் செட் பண்ணவே போய்விடும். செட் ஆகி இரண்டு நாளில் பொட்டலம் தீரும். புதுப் பொட்டலம் வரும். புதுக் கொட்டைக்குப் புது செட்டிங். அதிலும் கொட்டை வறுத்த உடனே ஆகாதாம். உள்ளே இருக்கும் வாயு வெளியேற பத்து நாளாவது கிடக்க வேண்டும். வீட்டில் அரைக் கிலோ கொட்டை இருக்கும்போதே, "இன்னும் நாலு நாள் போகட்டும்" என்று மனிதர் பச்சைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது ஷாட் 28 விநாடி. 8.10-க்கு என் கைக்கு வந்தது. பொம்மைக் கல்யாணத்துக்கு வாங்கினது போன்ற கோப்பையில் இரண்டு வாய்.

"எப்படி சார்?"

"நல்லா இருக்கு."

அவர் முகம் விழுந்துவிட்டது. "நல்லா இருக்குன்னா? ஆரஞ்சுத் தோல் வாசனை தெரியலையா? அசிடிட்டி எப்படி?"

"அது ஒரு வருஷமா இருக்கு சார். ராத்திரி ஒரு மாத்திரை போட்டுக்கறேன்."

பாவம் என்று எனக்குப் பால் சேர்த்து ஒன்று போட்டார். மேலே பாலால் இதயம் வரைந்தார், வெங்காயம் வந்தது. பாலை 60 டிகிரிக்கு மேல் சுட வைக்க மாட்டாராம், இனிப்புப் போய்விடும். அவர் மனைவி தன் கோப்பையை வாங்கினார், ஒரு வாய் குடித்தார், ஒன்றும் பேசாமல் அடுப்பில் வைத்து ஒரு கொதி விட்டு எடுத்துக்கொண்டார்.

இதையெல்லாம் சமையலறை வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அவருடைய அம்மா பக்கம் திரும்பி, "நீங்க இதெல்லாம் இல்லாமலே பித்தளை ஃபில்டர்ல போட்டிருப்பீங்க, இல்லம்மா?" என்றேன். ஆதரவாகப் பேசுவதாக நினைப்பு.

"இல்லாமலா? தூள் வாங்கப் போனா பீபெரி முக்கால், பிளாண்டேஷன் கால்னு சொல்லிட்டு மிஷின் பக்கத்துலயே நிப்பேன். முன்னாடி வாங்கினவனோட சிக்கரி அதுல ஒட்டியிருக்கும். முதல் பிடியைத் தள்ளிட்டுத்தான் நம்மளுதைப் போடச் சொல்லணும். தண்ணி தளதளன்னு கொதிக்கறப்ப ஊத்தக் கூடாது, கொதி அடங்கணும். குடையை ரொம்ப அமுக்கினா டிகாக்ஷன் இறங்காது, அமுக்காம விட்டா கடகடன்னு இறங்கிடும். மூணு நாள் ஆன தூளை நான் தொட மாட்டேன்."

மகன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். அவர் ஆறு மாதம் படித்துத் தெரிந்துகொண்ட பாடம் முழுவதும் வந்துவிட்டது. கிராம் கணக்கு மட்டும்தான் இல்லை.

அம்மா நிறுத்தவில்லை. மேஜை மேலிருந்த இன்னொரு கருவியைக் காட்டினார். மின்சாரம் இல்லாத நாளைக்கு என்று மகன் வாங்கிய கையால் சுற்றும் கிரைண்டர், 18,000 ரூபாய். "உங்க தாத்தா இதே மாதிரி ஒண்ணை மேஜை ஓரத்துல திருகி வெச்சிருந்தார். தினமும் வறுத்து அதுலதான் அரைப்பார். வேற யாரையும் தொட விட மாட்டார். அவருக்கப்புறம் உங்கப்பா அதைப் பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டார். நாற்பது ரூபாய் கொடுத்தான்."

ஆக, இது இத்தாலியிலிருந்து தொற்றிய நோய் அல்ல. பரம்பரை நோய். நடுவில் ஒரு தலைமுறை இன்ஸ்டன்ட் பொடியைக் கலக்கிக் குடித்துத் தப்பித்தது, அவ்வளவுதான். இந்தியக் காபியை அதிகம் வாங்கும் நாடே இத்தாலிதான். நம் மலைக் கொட்டை அங்கே போகிறது, அங்கிருந்து மிஷின் இங்கே வருகிறது, தாத்தாவின் பிடிவாதம் மட்டும் ஊரை விட்டு எங்கும் போகவில்லை.

உங்களுக்கும் இப்படி ஓர் அழைப்பு வந்தால் தயங்காமல் போங்கள். காபியை வாங்கிக் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதைவிட அவரைப் புண்படுத்துவது வேறில்லை. "லேசாப் புளிப்பு தூக்கலோ?" என்று கேளுங்கள். முகம் மலர்ந்துவிடும். "அப்படித்தான் எனக்கும் பட்டது! இன்னும் கொஞ்சம் நைஸா அரைச்சுப் பார்க்கலாம், இருங்க" என்று கிரைண்டரைத் திருகப் போவார். அவர் கொட்டையை நிறுத்து முடிப்பதற்குள் அம்மாவிடமிருந்து ஒரு டபரா உங்கள் கைக்கு வந்துவிடும். சத்தம் போடாமல் குடித்துவிடுங்கள்.