திருநின்றவூரில் நின்றுபோன கார்: ஒரு முன்னோட்ட ஆய்வு

சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலைக்கும் அரக்கோணம் ரயில் தடத்துக்கும் நடுவே, திருநின்றவூர் தெரு ஒன்றில், நீலத் தார்ப்பாயின் கீழ் நிற்கும் 2002ஆம் ஆண்டு ஃபியட் பேலியோ 1.6 ஜிடிஎக்ஸ் கார் ஒன்றே இவ்வாய்வின் முதன்மைச் சான்று. துணைச் சான்று கிடையாது. ஒற்றைச் சான்றை வைத்துப் பொது விதி வகுக்கலாமோ எனின், அரைவரிக் கல்வெட்டை வைத்து முந்நூறு பக்கம் எழுதி முனைவர் பட்டம் பெற்றோர் நம்மிடையே உண்டு என்க. இங்கே முழுக் காரே இருக்கிறது. ஸ்டெப்னி மட்டும் இல்லை.

முதலில் இலக்கணம். குடும்பத்துக்கென்று செய்த சிறிய காரில், அக்குடும்பத்துக்குச் சற்றும் தேவைப்படாத எஞ்சினை வைத்தால் கிடைப்பது ஹாட் ஹேட்ச்பேக். 1976இல் விற்பனைக்கு வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ இவ்வினத்தின் மூதாதை: 1.6 லிட்டர், 110 குதிரைத்திறன், கட்டம்போட்ட சீட்டுத் துணி, கோல்ஃப் பந்து வடிவில் கியர் குமிழ். 5,000 கார் போனால் போதும் என்று தொடங்கியவர்கள் அந்த முதல் தலைமுறையிலேயே நாலரை லட்சத்துக்கு மேல் விற்றார்கள். நம் நாட்டில் 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து புறப்பட்ட சான்ட்ரோ 55 குதிரைகளோடு வந்து, அதுவே வேகம் என்று நாம் நம்பியிருந்த காலத்தில், 2001இல் ஃபியட் 1596 சிசி, 16 வால்வு, ஏறத்தாழ 100 குதிரை என்று பேலியோவை இறக்கியது. இத்தனை குதிரைகளையும் ஒரே கேள்வி கட்டிப்போட்டது: “லிட்டருக்கு எவ்ளோ குடுக்கும்?”

பேலியோவின் விளம்பர முகம் சச்சின் டெண்டுல்கர். பிராட்மனின் 29 சதங்களை அவர் எட்டியதற்காக, 2002இல் சில்வர்ஸ்டோனில் கார் பந்தய வீரர் ஷூமாக்கர் கையால் ஃபெராரி 360 மோடனா ஒன்றை ஃபியட் பரிசளித்தது. அதற்கான சுங்கவரி, சுமார் 1.13 கோடி ரூபாய், தள்ளுபடியானபோது நாடே கொதித்தது. கடைசியில் ஃபியட்டே கட்டியது. நம் மாதிரிக்குச் சுங்கச் சிக்கல் எதுவும் எழவில்லை. எங்கிருந்தும் எதுவும் வந்து சேராததே காரணம்.

இனி கருதுகோள். பழைய காரை வீட்டிலேயே சீரமைக்கும் கலை ஜெர்மனியிலோ இத்தாலியிலோ தோன்றியதன்று; திருநின்றவூரில் தோன்றியது. தோற்றுவித்தவர் பூசலார் நாயனார். பெரியபுராணம் சொல்லும் கதையை இவ்வூரார்க்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்க்காகச் சுருக்கம். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டார், பொருள் கிடைக்கவில்லை. ஆகவே மனத்திலேயே பொருள் சேர்த்து, தச்சரைத் திரட்டி, நாள் பார்த்து, இரவும் உறங்காமல் அடித்தளம் முதல் சிகரம் வரை எழுப்பி, சுதை பூசி, கிணறும் குளமும் வெட்டி, மதிலும் எடுத்துக் குடமுழுக்குக்கு நாள் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் கற்றளிக்குக் குடமுழுக்கு வைத்திருந்த பல்லவ மன்னன் காடவர்கோனின் கனவில் இறைவன் தோன்றி, நாளை நின்றவூரில் வேலை இருக்கிறது, உன் நாளைத் தள்ளி வை என்றார். அரசன் ஓடிவந்து கோயில் எங்கே என்று கேட்டான். ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஹிருதயாலீஸ்வரர் என்ற பெயரில் இன்று இங்கே கோயில் இருக்கிறது.

நம் மாதிரியின் உரியவர் (தனியார் நிறுவனக் கணக்கர், ஐம்பதை ஒட்டிய வயது, பெயர் ஆய்வுக்குத் தேவையன்று) இம்மரபில் வந்தவர். காரை வாங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை, பிளாஸ்டிக் நாற்காலியை அதன் முன் போட்டு உட்கார்ந்து, டீ ஆறுவதற்குள் எஞ்சினை இறக்கி, போர் பார்த்து, கிளட்ச் மாற்றி, டிங்கர் வேலை முடித்து, சிவப்பு பெயின்ட் அடித்து, ஏலகிரி மலை ஏறி இறங்கிவிட்டார். எல்லாம் மனத்தில். வெளியே ஒரு போல்ட்கூட அசையவில்லை.

ஆனால் மூலவருக்கும் வழித்தோன்றலுக்கும் முக்கியமான ஒரு வேறுபாடு உண்டு. பூசலார் கடைக்கால் தொடங்கிக் கலசத்தில் முடித்தார். இவர் கலசத்தில் தொடங்கினார். முதலில் வந்தது பின்பக்கம் ஒட்டும் ‘ஜிடிஎக்ஸ்’ ஸ்டிக்கர். அடுத்து மியூசிக் சிஸ்டம். பிறகு அலாய் வீல், அதன் பிறகு ஸ்டீயரிங் உறை. பிரேக் சிலிண்டர் இன்றளவும் பட்டியலில் இருக்கிறது. இதனைக் ‘கலசம் முந்துறு கோட்பாடு’ எனலாம்: ஒரு பாகம் உயிரைக் காப்பதில் எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு தாமதமாக வாங்கப்படும். சாலைக்குத் தகுதி என்பது உண்மையில் எளிய சங்கதி. நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், எரிய வேண்டிய விளக்கு எரிய வேண்டும், டயர் வெடிக்கக் கூடாது. இந்நான்கில் ஒன்றுக்கும் ஸ்டிக்கர் இல்லை.

புவியியல் இங்கே ஆய்வாளனை நோக்கிச் சிரிக்கிறது. பாடியில் பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ். காருக்கு வேண்டிய பிரேக், சக்கரம், செல்ஃப் மோட்டார் எல்லாம் அங்கேயே விளையும். மேற்கே திருவள்ளூரில் 1998 முதல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மிட்சுபிஷி லேன்சர் செய்தது. நடுவே ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை. 1965இல் விஜயந்தா டாங்கியை வெளியே அனுப்பியது, பின்னர் டி-72 டாங்கிகளைச் செய்தது, இன்றும் அவற்றைப் பிரித்து ஓவராயில் செய்து அனுப்புகிறது. டி-72 என்பது 1970களின் சோவியத் சரக்கு. நாற்பத்தோரு டன் எடையுள்ள ஐம்பதாண்டு வடிவத்துக்கு உதிரிபாகம் உண்டு; அதிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி நிற்கும் ஒரு டன் பேலியோவுக்கு இல்லை. நாட்டுப் பாதுகாப்பில் பேலியோவின் பங்கை எவரும் உணராததே இதற்குக் காரணம் என்று உரியவர் கருதுகிறார்.

ஃபியட் பெயரில் கார் விற்பனை 2019இல் இந்தியாவில் நின்றுபோனது. ஆகவே கூவக்கரைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகள்தான் கதி. அங்கே நிகழ்ந்த உரையாடல் முழுமையாகப் பதிவு செய்யப்படுகிறது.

“பேலியோக்கு முன் சஸ்பென்ஷன் ஆர்ம் இருக்கா?”

“1.2வா, 1.6வா, டீசலாண்ணே?”

“1.6.”

“இல்லண்ணே.”

“1.2ன்னா?”

“அதுவும் இல்லண்ணே. சும்மா கேட்டேன்.”

அழிவின் காரணிகளுக்கு வருவோம். எலி வயரைக் கடிக்கும். இது எல்லோரும் அறிந்தது, விரிப்பிற் பெருகும். பழைய பெட்ரோல் டாங்கியில் பிசினாகப் படியும். இப்போது எல்லா பங்க்கிலும் வரும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால். அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், எத்தனாலுக்கென்று செய்யப்படாத பழைய ரப்பர் ஹோஸ்களை மெல்ல அரிக்கும். பழைய கார்களில் மைலேஜ் 6, 7 விழுக்காடு குறையக்கூடும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே கணக்கிட்டது. குறைவதற்கு மைலேஜ் இருந்தால்தானே என்பது பேலியோக்காரர்கள் மட்டுமே அடையக்கூடிய ஆறுதல்.

டயர் பற்றிய வழக்கு இன்னும் தீரவில்லை. பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. நம் மாதிரியில் 2311 என்று இருந்தது. அதாவது 2011ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். உரியவர், “பட்டன் அப்படியே இருக்கு பாருங்க” என்று நகத்தால் குத்திக் காட்டினார். பட்டன் இருந்தது, ரப்பர்தான் இறுகி, பக்கச் சுவரெல்லாம் விரிசல் விட்டிருந்தது. ஓடாமல் நின்ற டயருக்கு வயதாகாது என்பது அவர் துணிபு. டைமிங் பெல்ட்டுக்கும் இதே துணிபைப் பயன்படுத்தப் பார்த்தார். கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் ஆண்டுக் கணக்கில் அதை மாற்றியே தீரவேண்டும், இவ்வகை எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் வால்வு போய் பிஸ்டனில் முட்டும், பிறகு பூசலார் வழி ஒன்றே மிஞ்சும் என்று எடுத்துச் சொன்ன பின்னரே இசைந்தார்.

காரணிகளில் தலையாயது துரு. திருநின்றவூர் ஏரி நிறைந்து தெருக்களில் தண்ணீர் நின்ற 2021 நவம்பரை இவ்வூரார் மறக்கவில்லை. காரின் தரைத்தகடும் மறக்கவில்லை. துருவின் உச்ச வெளிப்பாடு கழற்ற முடியாத போல்ட். இதைப் பற்றி மூன்று பள்ளிகள் உள்ளன. முதலாமவர் ஊறவைப்போர்: எண்ணெய் தெளித்துவிட்டு ‘நாளைக்குப் பாத்துக்கலாம்’ என்பார்கள்; பலமுறை அந்த நாளை வரவே வராது. இரண்டாமவர் சூடேற்றுவோர்: கேஸ் டார்ச்சால் சுட்டு, விரிந்து சுருங்கும் இயல்பை நம்புகிறவர்கள், பக்கத்திலேயே பெட்ரோல் லைன் இருப்பது இவர்கள் தத்துவத்தின் பலவீனம். மூன்றாமவர் அடிப்போர். உரியவர் காலையில் முதலாம் பள்ளி, மதியம் இரண்டாம் பள்ளி, மாலையில் மூன்றாம் பள்ளி. ஸ்பேனரில் இரும்புப் பைப்பைச் செருகி நெம்பினால் போல்ட் முதலில் ஒரு ‘கிர்ர்’ சத்தத்தோடு அசையும். அந்தக் கணத்தில் மனிதன் அடையும் பேரின்பத்தைச் சாத்திரங்கள் சொல்லவில்லை. அடுத்த கணம் தலை மட்டும் கையோடு வரும், உடல் உள்ளேயே இருந்துவிடும். பிறகு லேத் பட்டறை, டிரில், புது மரை. மரை கழன்றது போல்டுக்கு மட்டுமன்று என்று எதிர்வீட்டில் ஒரு கருத்து நிலவுகிறது. சான்று போதாமையால் அதை ஏற்கவில்லை.

எஞ்சின் ஒருவழியாக உயிர்பெற்ற பின் எழுந்தது அசரீரிச் சிக்கல். காஞ்சி கைலாசநாதர் கோயில் கல்வெட்டொன்றில் ராஜசிம்ம பல்லவன் அசரீரி கேட்டதாகக் குறிப்பு உண்டு. கல்வெட்டறிஞர் ஹுல்ச் 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் அதை வெளியிட்டார். பூசலார் கதையோடு அதை இணைத்துப் பார்ப்போர் உளர். நம் உரியவர் கேட்ட அசரீரி ‘கட கட’ என்றது, நாற்பதில் போனால் மட்டும். ஒரு மெக்கானிக் டேப்பட் என்றார். இன்னொருவர் எஞ்சின் மவுண்டிங் என்றார். மூன்றாமவர் கண்ணை மூடிக் கேட்டு, “இது வேற எங்கயோ வருது சார்” என்று உண்மைக்கு மிக அருகில் சென்றார். மவுண்டிங் மாற்றியாயிற்று. ஒலி நிற்கவில்லை. பிற்பாடு டிக்கியில் கிளிப் இல்லாமல் உருண்டுகொண்டிருந்த ஜாக்கியை அவருடைய மனைவி எடுத்து வெளியே வைத்தார்.

எஞ்சியது அரசு. தனியார் காருக்குப் பதிவு 15 ஆண்டு. அப்புறம் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 ஆண்டு கடந்த காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆனது. காலம் தாழ்த்தினால் மாதத்துக்கு 500 தனி. பசுமை வரியும் உண்டு. காடவர்கோன் பூசலாரிடம் கோயில் எங்கே என்று கேட்டதோடு நின்றான். தாமதக் கட்டணம் கேட்கவில்லை.

புதுப்பிக்கும்போது சேசிஸ் எண்ணைத் தாளில் படியெடுத்துக் கொடுக்க வேண்டும். எண் பொறித்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, உப்புத்தாளால் துருவைத் தேய்த்து நீக்கி, தாளை ஒட்டவைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எழுத்து மேலெழும். கல்வெட்டியலார் மையொற்றிச் செய்யும் வேலைக்கும் இதற்கும் முறையளவில் பேதமில்லை. நம் மாதிரியில் ஓரிலக்கம் சிதைந்திருந்தது. 3 என்பது உரியவர் பாடம், 8 என்பது அலுவலகப் பாடம். ஆர்சி புத்தகத்தை மூலமாகக் கொண்டு 8 எனத் துணியப்பட்டது. அன்று மோட்டார் வாகன ஆய்வாளர் விளக்கைப் போடச் சொன்னார், ஹாரன் அடிக்கச் சொன்னார், ஓட்டிக் காட்டச் சொன்னார். கடைசியாக நிறுத்தச் சொன்னார். கார் நின்றது, அவர் சொன்ன இடத்துக்குச் சற்று அப்பால். “பிரேக்க பாத்துட்டு வாங்க சார்” என்று தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். அலாய் வீல் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

பிரேக் சிலிண்டர் தேடும் படலம் மீண்டும் தொடங்கியது. தனிப் பாகமாக எங்கும் இல்லை என்பதால், அந்தப் பாகத்தைத் தாங்கிய முழுக் கார் ஒன்றையே வாங்குவது சிக்கனம் என்று உரியவர் கணக்கிட்டுக் காட்டினார். கணக்கர் போட்ட கணக்கு, வீட்டில் எவராலும் பிழை காண முடியவில்லை. பூந்தமல்லிப் பக்கமிருந்து இன்னொரு 1.6 ஜிடிஎக்ஸ் கயிறு கட்டி இழுத்து வரப்பட்டுத் தெருவில் நின்றது. தரைத்தகடு முழுசு, ஸ்டெப்னி உண்டு, டயர் நான்கும் புதுசு. அதன் உரிமையாளர் பிரேக்கில் தொடங்கி வேலை செய்துகொண்டே வந்து, பெயின்ட் அடிக்கும் நிலையில் அலுத்துப்போய் விற்றிருக்கிறார்.

“ஏங்க, இது அதவிட நல்லா இருக்கே. இதையே எஃப்.சி. காட்டிட்டு ஓட்டலாமே?” என்றார் மனைவி.

உரியவர் இரண்டு கார்களையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “இதுல ஸ்டிக்கர் இல்லையே” என்றார். கூடுதல் தார்ப்பாய் வாங்க அன்றே ஆவடிக்குக் கிளம்பினார், ரயிலில்.