ஒன்பதடிப் பூரி

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ஒன்பதடி நீளத்தில் என் மானம் கிடக்கிறது. பழைய போர்வை ஒன்றால் போர்த்தி வைத்திருந்தேன். தொட்டி கழுவ வந்தவர் ஒருநாள் அதைப் பார்த்துச் செருப்பைக் கழற்றிவிட்டு, தணிந்த குரலில் "யாரு சார்?" என்று கேட்டார்.

அது அலைச்சறுக்குப் பலகை. 2018இல், என் நாற்பத்தாறாவது வயதில் வாங்கியது. அந்த வயதில் சிலர் சபரிமலைக்கு மாலை போடுகிறார்கள். சிலர் இயற்கை விவசாயம் என்று செங்கல்பட்டுப் பக்கம் அரை ஏக்கர் வாங்கிவிட்டுப் பத்திரத்தோடு அலைகிறார்கள். நான் கோவளத்துக்குப் போனேன். கேரளத்துக் கோவளம் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்துக்கு முன்னால் வருகிற நம் கோவளம். நாம் டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைவிடச் சாவகாசமாக, அங்கே மீனவர் வீட்டுப் பிள்ளைகள் எதையும் பிடிக்காமல் அலைமேல் நின்று வருவார்கள்.

அவர்களில் ஒரு பையனிடம் மூன்று ஞாயிற்றுக்கிழமை பயிற்சி. "அங்கிள், படுங்க... கையால தள்ளுங்க... இப்ப எந்திரிங்க!" எந்திரித்தேன். அதற்கு வீடியோ ஆதாரம் இருக்கிறது. என் மனைவி அதைப் பலமுறை ஓட்டிப் பார்த்துக் கணக்கெடுத்திருக்கிறாள்: நின்றது நாலு செகண்ட். விழுந்துகொண்டிருந்த நேரத்தையும் சேர்த்து.

அந்த நாலு செகண்டின் போதையில், பெங்களூருக்கு வேலை மாறிப் போகவிருந்த ஓர் இளைஞனிடம் பன்னிரண்டாயிரம் கொடுத்து இதை வாங்கிவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுவரக் குட்டி யானை வாடகை ஆயிரத்து ஐந்நூறு. பின்னால் ஒற்றைப் பலகை. அதைக் கட்டிப்பிடித்தபடி நான்.

பலகையில் எப்படி அடிபட்டது என்று கேட்பவர்களிடம் "பெரிய அலை" என்று சொல்லிவைத்திருக்கிறேன். உண்மையில் அது இரண்டாம் மாடிப் படித் திருப்பம். லிஃப்டுக்குள் நுழையாத பலகையைத் தோளில் தூக்கித் திரும்பியபோது அதன் மூக்கில் உள்ளங்கை அகலத்துக்கு விரிசல். அதோடேயே அடுத்த ஞாயிறு கடலுக்குள் போனேன். கடலும் பலகைக்குள் போனது. எழுந்து நிற்க வாய்க்காமல் வீடு திரும்பி, குழாய் ஒழுகினால் அடைக்கிற எம்சீலைப் பிசைந்து விரிசலில் வைத்து அழுத்தினேன். எம்சீல் கச்சிதமாக வேலை செய்தது. உள்ளே போன தண்ணீர் ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை.

பலகை கனத்தது. எவ்வளவு கனம் என்று தெரிய வேண்டாமா? வீட்டு எடை மெஷினில் ஒன்பதடிப் பலகையை நிறுத்த முடியாது. நான் பலகையோடு ஏறி, பிறகு நான் மட்டும் ஏறி, கழித்துப் பார்க்க வேண்டும். இதிலிருந்த ஆபத்து, எண்களைக் குறித்துக்கொள்ள மனைவியைக் கூப்பிட்ட பிறகுதான் உறைத்தது. ஏழு கிலோ இருக்க வேண்டிய பலகை பதினொன்றரை இருந்தது. அவள் பலகையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எண்பத்து நாலா? டாக்டர்கிட்ட எழுபத்தெட்டுன்னீங்க?"

ஈரம் போக வெயிலில் வைக்கலாம் என்பது யாருக்கும் தோன்றுகிற யோசனைதான். எனக்கு அது கத்திரி வெயிலில் தோன்றியது. இந்தப் பலகை என்பது உள்ளே நுரை, மேலே ரெசினில் தோய்ந்து இறுகிய கண்ணாடியிழைத் துணி, அவ்வளவுதான். சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்தால் அந்தத் தோல் நுரையை விட்டுப் பிரிந்துவிடும். அதனால் காயவைப்பதென்றால் நிழலில், காற்றோட்டமாக, வாரக்கணக்கில் வைக்க வேண்டுமாம். இதையெல்லாம் பிறகு படித்தேன். அன்று சாயங்காலம் மாடிக்குப் போனபோது பலகையின் முதுகில் அரையடி அகலத்துக்குப் பூரி உப்பியிருந்தது. விரலால் அழுத்தினால் அமுங்கியது, விட்டால் எழுந்தது. எங்கள் வீட்டுப் பூரி தட்டுக்கு வருவதற்குள் அமுங்கிவிடும். இது எத்தனை வருடமானாலும் அப்படியே நிற்கிற ஜாதி.

அன்றிலிருந்து முடிவெடுத்துக்கொண்டிருக்கிறேன்: சரிசெய்வதா, தூக்கிப் போடுவதா. முடிவெடுப்பதற்குப் படிக்க வேண்டியிருந்தது. அலைச்சறுக்கில் எனக்கு நன்றாக வரும் பகுதி அது. ஹோனலூலுவின் பிஷப் அருங்காட்சியகத்தில் ஆப்னர் பாக்கி என்ற ஹவாய்ப் பெருந்தலைவரின் பழைய மரப்பலகைகள் இருக்கின்றன. 1920களில் டாம் பிளேக் என்ற அமெரிக்கர் அவற்றைச் சீர்செய்து கொடுத்தார். செய்தவருக்கு அந்த அளவில் தானும் ஒன்று செய்துகொள்ள ஆசை வந்தது. மரத்தின் கனத்தைக் குறைக்க நூற்றுக்கணக்கில் துளை போட்டு, காயவைத்து, மெல்லிய பலகையால் மூடினார். உள்ளே வெறுமையான பலகைகள் அந்த வழியில் பிறந்தவைதான். 1932இல் அதற்கு அவருக்குக் காப்புரிமையும் கிடைத்தது. பழையதைப் பழுதுபார்க்கப் போய்ப் புதியதைக் கண்டுபிடித்த மனிதர்!

இதை இரவுச் சாப்பாட்டில் கொஞ்சம் தழுதழுத்த குரலில் சொன்னேன்.

"அந்தப் பலகையில ராஜா மாதிரி ஆளு நின்னாரு," என்றாள். "இதுல?"

"நாலு செகண்ட்..."

"அது அந்தப் பையனோட பலகை. இதுல நீங்க நின்னதே இல்ல."

அதுவரை செலவை செகண்டுக்கு மூவாயிரத்துச் சொச்சம் என்று வகுத்துச் சமாதானமாகியிருந்தேன். இப்போது பூஜ்யத்தால் வகுக்க வேண்டும். பத்தாவது படிக்கும் என் மகன் அப்படி வகுக்கவே கூடாது என்கிறான்.

2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் மாமல்லபுரத்தில் நடந்தது. ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். அந்தப் போட்டியில் தனிநபர் பதக்கம் வாங்கிய முதல் இந்தியர் அவர். நான் உடனே கிளம்பிப் போய் இரண்டு கிலோ பாலியஸ்டர் ரெசினும், கண்ணாடியிழை மேட்டும், சின்னப் புட்டியில் கேட்டலிஸ்ட்டும் வாங்கிவந்தேன். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், அவரும் பலகையில்தான் நிற்கிறார்.

நல்லவேளை, நானே பூசவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரைகளில் கட்டுமரம் குறைந்து பைபர் படகு பெருகியது. படகை ஒட்டுகிற மேஸ்திரிகளும் பெருகினார்கள். பக்கத்துக் குப்பத்தில் அப்படி ஒருவரிடம் பலகையைக் கொண்டுபோனேன். எம்சீலைப் பெயர்த்து உள்ளே எட்டிப் பார்த்தார். ஜவ்வரிசியை ஒட்டிவைத்ததுபோல் வெள்ளை வெள்ளையாக மணிகள்.

"இன்னா சார், இது ஐஸ் பொட்டி. நம்ம ரெசின் பட்டா இருக்காது."

சொன்னது எனக்குப் புரியவில்லை என்பது அவருக்குப் புரிந்தது. மீன் வைக்கிற பழைய தெர்மக்கோல் பெட்டியிலிருந்து ஒரு துண்டை உடைத்து, நான் வாங்கிவந்த ரெசினிலிருந்தே கொஞ்சம் அதன்மேல் ஊற்றினார். சூடான காபியில் போட்ட சர்க்கரைபோல் அது குழிந்து, சுருங்கி, இல்லாமல் போனது. என் பலகை போயிருக்க வேண்டிய வழி. பாலியூரிதேன் நுரைப் பலகை என்றால் அந்த ரெசின் ஒன்றும் செய்யாதாம், தெர்மக்கோலுக்கு எப்பாக்ஸிதான். அவர் காசு வாங்கவில்லை. இரண்டு கிலோ ரெசினை மட்டும் வைத்துக்கொண்டார், நியாயம்தான்.

கோவளத்தில் பலகை பழுதுபார்க்கிறவர் ஒன்பதாயிரம் ஆகும் என்றார். உப்பிய தோலை வெட்டி எடுத்து, ஊறிக் கெட்ட நுரையைச் சுரண்டி, குழியை நிரப்பி, எப்பாக்ஸியில் துணி ஒட்டி, தேய்த்துத் தர வேண்டும். "பூரி மேல துணி ஒட்டினா?" என்று கேட்டேன். "பூரிக்குச் சட்டை போட்ட மாதிரி," என்றார். நிரப்புவதும் ஒட்டுவதும் ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகுதான். ஏழு கிலோவுக்குப் பக்கத்தில் வந்ததும் கொண்டுவரச் சொன்னார். தோலை நானே வெட்டிக்கொண்டால் ஆயிரம் ரூபாய் குறையும் என்றும் சொன்னார். அதை அவர் சொல்லியிருக்க வேண்டாம்.

பங்குனி மாதக் காலை, நல்ல கடல்காற்று. ஆக்ஸா பிளேடால் பூரியை அறுத்தேன். தோல் அழகாக வந்தது. கூடவே பல்லாயிரம் தெர்மக்கோல் மணிகளும் வந்து, எழும்பி, மாடியின் அடுத்த கோடிக்குக் கூட்டமாகப் போயின. அங்கே நாலாம் நம்பர் வீட்டு மாமி அப்போதுதான் பிளாஸ்டிக் ஷீட் விரித்து வடாம் ஊற்றி முடித்திருந்தார். ஜவ்வரிசி வடாம்.

மண்டி போட்டு உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினேன். எனக்கு எல்லாம் ஒன்றாகத் தெரிந்தது. மாமி குனியக்கூட இல்லை. "எங்காத்து ஜவ்வரிசி வெந்திருக்கும் சார். வேகாம இருக்கறதெல்லாம் உங்களுது."

இரண்டு கிலோ ஜவ்வரிசி வாங்கிக் கொடுத்து, கூழ் கிண்டியும் கொடுத்தேன். கை வலி மூன்று நாள் இருந்தது. அலைச்சறுக்கால் எனக்கு வந்த ஒரே தசைப்பிடிப்பு அதுதான்.

பலகை இப்போது அதே தொட்டி நிழலில், வெட்டிய வாய் கீழே பார்க்க, சாய்ந்து நிற்கிறது. போர்வையை எடுத்துவிட்டேன். ஞாயிறுதோறும் எடை பார்க்கிறோம். மனைவி பால் கணக்குக் காலண்டரில் இரண்டு எண்களையும் எழுதுகிறாள்: பலகைக்கு நீல மை, எனக்குச் சிவப்பு. போன வாரம் பலகை ஒன்பது கிலோ நானூறு. சிவப்பை அவள் கொட்டை எழுத்தில், அடுப்படியிலிருந்தே தெரிகிற மாதிரி எழுதியிருக்கிறாள்.