ஒலிப்பெட்டி ஸ்தாபன விசாரம்: ஸ்ரீபெரும்புதூர்ப் பத்துக்குப் பத்து அறைகளை முன்வைத்து

ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் பிறந்த ஊர். எதையும் பூர்வபட்சம், அதாவது எதிர்த்தரப்பு வாதம் சொல்லி, அதை மறுத்து, பிறகே சித்தாந்தத்துக்கு வருவது அவர் நூல்களின் முறை. வீட்டு ஸ்டீரியோவுக்கு எந்த வயர், எந்த மூலை என்ற கேள்விக்கும் அந்த மரியாதை தகும் என்று கொள்கிறேன். ஆய்வுக் களம்: இருங்காட்டுக்கோட்டை முதல் சுங்குவார்சத்திரம் வரை, தெற்கே ஒரகடம் வரை உள்ள வாடகை அறைகள். ஹூண்டாய் 1998-இல் இங்கே கார் செய்யத் தொடங்கியதிலிருந்து ஆலைப் பிள்ளைகளை நம்பி மாடிமேல் மாடியாக எழுந்தவை. நீளம் பத்தடி, அகலம் பத்தடி, உயரமும் ஏறத்தாழ அதுவே.

முதலில் வயர். இதில் இரண்டு சம்பிரதாயங்கள். ராமானுஜருக்குப் பின் வந்த வைணவத்தில், இறைவனை அடையும் வழிக்கு உவமையாக வடகலையார் குரங்குக்குட்டியைக் காட்டுவார்கள், தென்கலையார் பூனைக்குட்டியை. குட்டிதான் தாயைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது ஒன்று. தாயே கவ்விக்கொண்டு போகும் என்பது மற்றது. வயர் வாங்குவதிலும் குரங்குக்குட்டிக் கட்சியார் பஸ் பிடித்துச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், ஆக்சிஜன் நீக்கிய செம்பா, முலாம் பூசிய முனையா என்று கடை கடையாகக் கேட்டு வாங்குவார்கள். பூனைக்குட்டிக் கட்சியார் தெருமுனை எலெக்ட்ரிக்கல் கடையில், “அண்ணே, ஸ்பீக்கர் வயர் ஒரு அஞ்சு மீட்டர் குடுங்க” என்பதோடு சரி. கொடுத்தது பிரசாதம்.

அந்தப் பிரசாதம் பெரும்பாலும் 23/76 அல்லது 40/76. அதாவது 0.0076 அங்குல விட்டமுள்ள செம்பு இழைகள் 23 அல்லது 40. நாடு மெட்ரிக்குக்கு மாறியதைக் கடைகள் இன்னும் கேள்விப்படவில்லை. 23/76-இல் 5 மீட்டர் வாங்கினால், போக வர 10 மீட்டர் செம்பு; தடை ஏறத்தாழ கால் ஓம். 8 ஓம் ஸ்பீக்கரில் அதனால் குறைவது சுமார் 0.28 டெசிபல். 40/76 என்றால் சுமார் 0.16. மீதி வித்தியாசம் 0.12. அதைப் பிடிக்கும் காது இந்த வட்டாரத்தில் இருந்தால், ஏதாவதொரு ஆலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு அதை எப்போதோ வேலைக்கு எடுத்திருக்கும்.

இங்கே எதிர்வாதி எழுகிறார்: “இடது பக்கம் ரெண்டு மீட்டர், வலது பக்கம் மூணு மீட்டர்னு இருந்தா சத்தம் முன்னப்பின்ன வராதா?” வரும். ஒரு மீட்டருக்குச் சுமார் 5 நானோவினாடி. அந்த நேரத்தில் ஒலி காற்றில் நகரும் தூரம் 2 மைக்ரானுக்கும் குறைவு. இதற்காக வயரை அளந்து வெட்டுபவர் பாட்டு முடியும்வரை தலையாட்டாமல் உட்காரவும் கடமைப்பட்டவர். 2007-இல் அமெரிக்காவில் 7,250 டாலர் விலையில் ஸ்பீக்கர் கேபிள் விற்றார்கள். சாதாரண கேபிளிலிருந்து அதைக் கேட்டே பிரித்துக் காட்டுவோருக்குப் பத்து லட்சம் டாலர் தருவதாக, போலிகளை அம்பலப்படுத்தி வந்த மந்திரவித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டி சவால் விட்டார். பரிசு அவரிடமே தங்கிவிட்டது.

வயரில் கவனிக்க வேண்டியது ஒன்றே: நிறம். ஒரு பெட்டியில் மட்டும் சிவப்பும் கறுப்பும் மாறிப்போனால் ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். அடித்தொனி காணாமல் போகும். இதற்குச் சம்பிரதாய பேதம் கிடையாது.

இனி ஸ்தானம். இரண்டு பெட்டிகளும் கேட்பவரும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும் என்பது நூல் விதி. நம் அறையில் ஒரு மூலை அடுப்புக்கு, ஒரு மூலை சாமி படத்துக்கு, ஒரு மூலை ஹெல்மெட்டுக்கும் பெட்டி படுக்கைக்கும். மிச்சமிருக்கும் ஒரே மூலையில் ஸ்டீரியோவின் இரண்டு பெட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. முக்கோணம் கோடாகிறது. மூலைச் சுவர்கள் சும்மா இருப்பதில்லை; பெட்டியை ஒட்டி வரும் ஒவ்வொரு சுவரும் அடித்தொனியைக் கோட்பாட்டளவில் 6 டெசிபல் வரை கூட்டும். மேலே 0.28-க்குள் அடங்கும் ஆதாயத்துக்காக நடந்த ரிச்சி தெரு யாத்திரையை வாசகர் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

அறை சதுரமாக இருப்பது அடுத்த வினை. பத்தடி இடைவெளியில் எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே 57 ஹெர்ட்ஸ் அருகே ஒலி முட்டி முட்டி நிற்கும். நீளமும் அகலமும் ஒன்றே என்பதால் இரட்டிப்பாக நிற்கும். பேஸ் கிதாரின் ஒரு தந்தி 55 ஹெர்ட்ஸ். எனவே இளையராஜா பாட்டில் பேஸ் கிதார் நடந்து போகும்போது அந்த ஒரு சுரம் மட்டும் வீங்கிக் கேட்கும். இந்த அலைக்குச் சுவரோரம் அழுத்தம் உச்சம், அறை நடுவில் பூஜ்யம். குரங்குக்குட்டிக் கட்சியின் செல்வாக்கு எனக்குப் புரிந்தது இங்கேதான். புது வயரை மாட்டியவர் களைப்பில் சுவரில் சாய்ந்து உட்காருகிறார். நடு அறையில் இருந்தபோது இல்லாத பேஸ் இப்போது வருகிறது. புகழ் வயருக்குப் போகிறது. சுவர் வாய் திறப்பதில்லை.

உயரத்துக்கு இந்த ஊர்க்காரரே முன்மாதிரி. உடையவர் எனப்படும் ராமானுஜர் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி நின்று எட்டெழுத்து மந்திரத்தை எல்லோருக்கும் சொன்னதாகக் குருபரம்பரைக் கதைகள் கூறும். எல்லோருக்கும் கேட்க வேண்டுமென்றால் அந்த உயரம் சரி. பாயில் உட்கார்ந்த ஒருவருக்கு ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் கீச்சொலி நேராகவே போகும். ஆனால் நம்மவர் பெட்டியைப் பரணில் ஏற்றுகிறார்கள். பயனும் கோபுரப் பயனே: பக்கத்து அறைகள் அனைத்தும் கேட்கின்றன.

இதிலிருந்து நூல்கள் சொல்லாத விதி ஒன்று பிறக்கிறது. ஏ ஷிஃப்ட் முடித்தவர் மாலையில் பாட்டுப் போடும் நேரத்தில், நாலரை இஞ்ச் சுவருக்கு அப்பால் சி ஷிஃப்டுக்குப் போக வேண்டியவர் தூங்கிக்கொண்டிருக்கிறார். அடித்தொனி அந்தச் சுவரை ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. ஆகவே சித்தாந்தம்: 40/76 போதும், பெட்டி சுவரை விட்டு இரண்டு சாண் தள்ளி, ஸ்டூலில், காது மட்டத்தில் இருக்கட்டும், எந்தச் சுவர் என்பதைப் பக்கத்து அறைக்காரரின் ஷிஃப்ட் அட்டவணை தீர்மானிக்கும். அட்டவணை வாரம் மாறினால் பெட்டியும் மாற வேண்டும். அதற்குத் தோதாக வயரைச் சற்று நீளமாகவே வாங்கலாம்.

மிஞ்சிய வயர் இந்தப் பகுதியில் பரவலாகத் துணிக்கொடியாகிறது. ஈரச் சீருடை இரண்டு தாங்க வேண்டிய அந்தப் பணிக்கு மட்டும் தடித்த வயரே சிறந்தது என்பதில் இரு கட்சியாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.