எட்டரை அடிப் பெட்டியும் எண் தோஷமும்

பெறுநர்: சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு, தொழில்நுட்பக் குழு 104, ஜெனீவா.
பொருள்: கன்டெய்னர்களுக்கு எண் தோஷ நிவர்த்தி கோருதல்.



தூத்துக்குடியில் இறங்கும் பெரிய கன்டெய்னர், மேற்படி அமைப்பின் தரப்படி 40 அடி நீளம், 8 அடி அகலம், எட்டரை அடி உயரம் கொண்டது. நான்கு சீனருக்கு ஆகாது. அவர்கள் பேச்சில் அதுவும் சாவும் கிட்டத்தட்ட ஒரே ஒலி. எட்டின் மீதோ கொள்ளை ஆசை. பெய்ஜிங் ஒலிம்பிக்கையே 2008 ஆகஸ்ட் 8 இரவு 8 மணிக்குத்தான் தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் அதே எட்டு சனி பகவானின் எண். தூத்துக்குடியின் டி.என். 69 வரிசையில் புது லாரி எடுப்பவர் முதலில் பார்ப்பது பதிவெண்ணின் கூட்டுத்தொகையைத்தான். இன்ஜினை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆக, பெட்டியின் நீளம் செய்பவருக்கு ஆகாது, அகலம் இழுப்பவருக்கு ஆகாது. உலகின் கன்டெய்னர்களில் பெரும்பகுதி சீனாவில்தான் தயாராகிறது. 40 அடிக்கு ஆர்டர் வந்தால் அங்கே யாரும் 39 அடியில் நிறுத்திக்கொள்வதில்லை.

பெயர் வைக்கும்போது மட்டும் இந்தத் துணிச்சல் காணாமல் போகிறது. சீன ஒன்பிளஸ் கைபேசி 3டி-யிலிருந்து 2017இல் நேரே 5க்குத் தாவியது. ஆல்ஃபா ரோமியோ 164 கார், கிழக்காசியச் சந்தைகள் சிலவற்றில் 168 ஆனது. 2020இல் வந்த ஒன்பிளஸ் 8ஐத் தமிழர்கள் தயக்கமின்றி வாங்கினார்கள். சனி பகவான் நம்பர் பிளேட்டோடு நின்றுகொள்கிறார் போலும்.

தோஷத்தின் மூலம் கன்டெய்னர் எண்ணுக்குள் இருக்கிறது. நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. அதையும் இலக்கங்களையும் இடத்துக்கேற்ப 1, 2, 4, 8 என்று பெருக்கிக்கொண்டே போய், மொத்தத்தை 11ஆல் வகுத்தால் வரும் மீதிதான் சரிபார்ப்பு இலக்கம். சரக்குப் பெட்டி என்றால் நான்காம் எழுத்து யூ. அதன் மதிப்பு 32. நான்காம் இடத்தின் பெருக்கெண் தமிழர் அஞ்சும் 8. விடை 256. இலக்கங்களைக் கூட்டினால் ஐரோப்பியர் அஞ்சும் 13; மறுபடி கூட்டினால் சீனர் அஞ்சும் 4. மூன்று நாகரிகங்களின் பீதியை ஒரே எழுத்தில் அடக்கிய வேறு தரநிலை கிடையாது. எழுத்து மதிப்புகளில் 11, 22, 33 மூன்றையும் குழு விட்டுவிட்டிருக்கிறது. வகுக்கும் எண் 11 என்பதே அதற்குக் காரணம் என்றாலும், எண்ணைத் தவிர்க்கும் பழக்கம் ஜெனீவாவுக்குப் புதிதல்ல என்பது தெளிவு.

இந்தக் கோரிக்கைக்கு உள்ளூரில் முன்னுதாரணம் உண்டு. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டும் கடல்கட்டிகளுக்கு ஆங்கிலேய அரசே கூலி கொடுத்தது. கணக்கில் அதுவும் நிர்வாகச் செலவுதான். குழு 104இலும் ஓர் எண்கணித ஜோதிடரை உறுப்பினராக்கலாம்.

உயரத்தைக் குறைக்கும் யோசனை மட்டும் கூடாது. எட்டரையில் ஓர் அடி போனால் ஏழரை; அப்புறம் தூத்துக்குடியில் ஒரு டிரைவரும் வண்டி எடுக்கமாட்டார். ஒன்பதரை அடிப் பெட்டி ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் அதையே பொதுவாக்கலாம். அகலத்தை 9 அடியாக்கினால் உலகிலுள்ள கப்பல், கிரேன், டிரெய்லர் அனைத்தையும் மாற்ற வேண்டிவரும். அந்தச் செலவை மொய் எழுதுவதுபோல் ஒரு ரூபாய் கூட்டி, ஒற்றைப்படையில் வசூலித்துக்கொள்ளலாம்.

நகல்: வ.உ.சிதம்பரனார் துறைமுக ஆணையம். கன்டெய்னர் முனையங்களில் ஒன்று எட்டாம் எண் சரக்குத் தளத்தில் இயங்குவது பற்றி விளக்கம் கோரி.