கட்டையில போற கண்மணியே

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் காலம் வந்துவிட்டால் பண்டாரவளைப் புத்தகக் கடைகளில் மாதிரி வினாத்தாள்களுக்கு நடுவே நடக்க இடமிருக்காது. அவற்றில் ஒன்றைத் திறந்தால் எதிர்ச்சொல் எழுதச் சொல்கிறார்கள். அன்புக்கு எதிர்ச்சொல் வெறுப்பாம். எழுதினால் புள்ளி, எழுதாவிட்டால் சிவப்புக் கோடு. இதைத் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளை எப்படி நம்பும்? விடியற்காலையில் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு ஆள் எண்ணும் பெரட்டுக்கு ஓடுகிற தாய், "கட்டையில போறவனே, ரொட்டியத் தின்னுட்டுப் போடா" என்கிறாள். இதில் அன்பு எது, எதிர்ச்சொல் எது என்று வினாத்தாள் தயாரித்தவர் பிரித்துக் காட்டட்டும், அவருக்கு நான் புள்ளி போடுகிறேன். என் கட்சி இதுதான்: ஏச்சு என்பது அன்புக்கு எதிர்ச்சொல் அல்ல, அன்பு வீட்டில் உடுத்தும் பழைய உடுப்பு. உண்மையான எதிர்ச்சொல் வேறோர் இடத்தில் மரியாதையாக உட்கார்ந்திருக்கிறது. அது எது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன் ஏச்சைப் பற்றி இரண்டு வார்த்தை.

ஒருவரை முறையாக ஏசுவதற்கு எவ்வளவு அக்கறை தேவை என்று யாரும் யோசிப்பதில்லை. "நாசமாப் போ" என்பது கற்றுக்குட்டிகளின் ஏச்சு. எப்படி, எதனால் என்ற விபரமே அதில் இல்லை. கைதேர்ந்த கிழவி அப்படி அரைகுறையாக விடமாட்டாள். "பேதியில போவ" என்றால் நோய் தீர்மானமாகிவிட்டது. "பாடையில போவ" என்றால் வாகனம் ஏற்பாடாகிவிட்டது. "கட்டையில போவ" என்றால் விறகும் அடுக்கியாயிற்று. "மண்ணாப் போவ" என்பது எல்லாம் முடிந்து சில வருடங்களுக்குப் பிந்திய நிலவரம். "எடுபட்டவனே" என்பதோ இவ்வளவும் ஏற்கெனவே நடந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, எதிரே உயிரோடு நின்று ரொட்டி தின்கிறவனை விளிப்பது. இறந்தகாலத்தை இப்படிக் கையாள எந்த இலக்கண ஆசிரியர் கற்றுத்தந்தார்? ஒருவனுடைய கடைசிப் பயணத்தை இத்தனை கட்டமாகத் திட்டமிட, பெற்றவளையும் கூடப்பிறந்தவளையும் விட்டால் யாருக்கு நேரமிருக்கிறது? "கொள்ளையில போவ" என்பதிலுள்ள கொள்ளை திருட்டல்ல, கொள்ளைநோய். 19ஆம் நூற்றாண்டில் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டுப்பாதையில் நடந்தவர்களில் வாந்திபேதியில் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். பின்னாளில் மண்டபம் முகாமில் மறித்து, நோய் பார்த்த பிறகுதான் கப்பலேற்றினார்கள். செத்தவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் ஒழுங்காக இல்லை, நோயின் பெயர் மட்டும் கிழவிகள் வாயில் பத்திரமாக இருக்கிறது. மூதேவியை எடுத்துக்கொள்ளுங்கள். பல்லவர் காலத்தில் காஞ்சி கைலாசநாதர் கோயிலிலேயே சிலை பெற்ற தெய்வம் அவள். விடிந்தும் படுத்திருக்கும் மருமகளை "மூதேவி" என்கிற மாமியார், தெரிந்தோ தெரியாமலோ அவளைப் பல்லவர் சிற்பத்தில் ஏற்றிவிடுகிறாள். "சனியனே" என்றால் கிரகப் பதவி, அதுவும் குறைந்தது ஏழரை வருடத்துக்கு. பீடை, தரித்திரம், விளங்காதவன் எல்லாம் இன்னும் மிச்சமிருக்கின்றன. இரண்டு வார்த்தை என்றேன், தெரியும். "உருப்படாதவனே" மட்டும் சொல்லிவிடுகிறேன். அவன் உருப்படாமல் போனால் யாருக்கு வயிறு எரியுமோ, அவர் வாயில்தான் அந்தச் சொல் வரும். வேறு யாருக்கும் அதைச் சொல்லவேண்டிய தேவையே இல்லை.

குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியை ஏசுகிறவனுடையதும் அன்புதானா என்று கேட்பீர்கள். இல்லை. பின்னாலேயே அடி வருகிற ஏச்சு ஏச்சே அல்ல, அடியின் முதல் பாகம். பிள்ளையின் மனம் புண்படும் என்று இந்நாளில் செமினார் வைத்துச் சொல்கிறார்கள். இருக்கலாம். அதை மென்மையான குரலில் சொல்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. சாதியைச் சொல்லி ஏசுவதையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. அது ஆளைப் பார்த்துச் சொல்வதல்ல, கூட்டத்தைப் பார்த்துச் சொல்வது. "தோட்டக்காட்டான்", "கள்ளத்தோணி" இரண்டும் அந்த வகை. தகரத் துண்டில் தோட்டத்து இலக்கம் அடித்துக் கொடுத்து, தலை எண்ணி ஏற்றி, தலை எண்ணி இறக்கியவர்களுக்குக் கள்ளத்தோணி என்று பெயர் வைத்தார்கள். வைத்தவர்களில் நம் மொழியையே பேசுகிறவர்களும் உண்டு. கடலில் அவ்வளவு கணக்குவழக்கோடு வந்த கள்ளன் உலகத்திலேயே இருக்கமாட்டான்.

கோபம் இருக்கிற இடத்தில் ஆளாவது இருக்கிறான். கோபமே இல்லாத சொற்களைப் பாருங்கள். அன்றைக்குப் பறிக்கவேண்டிய கிலோ வராவிட்டால் "அரைப்பேரு", அதாவது அரைநாள் கணக்கு. சொல்லுகிறவர் பல்லைக் கடிப்பதில்லை, யாருடைய பேதியையும் வேண்டுவதில்லை. ஒரு முழு மனுசியைப் பாதியாக்கிப் பேரேட்டில் எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார், அவ்வளவுதான். தோட்டத்தை விட்டு விரட்ட ஒரு காலத்தில் பத்துச்சீட்டு இருந்தது. அதிலும் ஏச்சு கிடையாது. 1947 தேர்தலில் தோட்ட மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள், பதுளையிலிருந்தும் ஒருவர். 1948இல் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து அவர்களின் பிரஜாவுரிமை போனது, அடுத்த ஆண்டு வாக்கும் போனது, 1952 தேர்தலில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. இதையெல்லாம் செய்து முடித்த பிறகு வைத்த பெயரைப் பாருங்கள்: "நாடற்றவர்". நாடற்றவன் அல்ல, நாடற்றவர். நாட்டைப் பிடுங்கிக்கொண்டு விகுதியில் மரியாதை கொடுத்தார்கள்.

இவை சட்டச் சொற்கள், உணர்ச்சிச் சொற்களோடு எப்படிச் சேர்க்கலாம் என்பார் வினாத்தாள்காரர். உணர்ச்சியே இல்லை என்பதுதானே ஐயா முறைப்பாடு! 1964இல் இந்த நாடற்றவர்களைப் பங்குபிரிக்க இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அந்த ஒன்றரை இலட்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். அதன் பிறகும் மிஞ்சியவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்க 2003இலும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. "மண்ணாப் போவ" என்று ஏசுகிற கிழவியிடம் எந்த மண் என்று கேட்டால் லயத்துக்குப் பின்னால் கையைக் காட்டியிருப்பாள். அந்த ஒன்றரை இலட்சம் பேருக்கு எந்த மண் என்று முடிவெடுக்கவே இரண்டு அரசாங்கங்களுக்குப் பத்து வருடம் பிடித்தது.