ஒன்றரை மாத்திரைக் கண்ணீர்: தொலைக்காட்சி விளம்பரங்களும் என் மாமியாரின் மெய்ப்பாடுகளும்

தாணே என்பது, 1853 ஏப்ரல் 16 அன்று பம்பாய் போரிபந்தரிலிருந்து புறப்பட்ட நாட்டின் முதல் பயணிகள் ரயில் வந்து நின்ற ஊர். இதற்கும் இக்கட்டுரைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் முதல் இயலில் ஊர் வரலாறு எழுதாத ஆய்வேட்டுக்கு மரியாதை கிடையாது என்பதால் எழுதி வைக்கிறேன்.

ஆய்வுக் களம், வர்த்தக் நகரில் எங்கள் வீட்டு ஹால். தரவு, என் மாமியார்: வயது எழுபத்தொன்று, ஊர் அம்பாசமுத்திரம் பக்கம், தாணேக்கு வந்து நாற்பது வருடம். கருவிகள், ஒரு டிவி, ஒரு ரிமோட், ஒரு முந்தானை. தூர்தர்ஷனில் 1976 ஜனவரி 1 முதல் விளம்பரம் வருகிறது. கேபிள் விதிப்படி மணிக்குப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் விளம்பரம் போடக் கூடாது. அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு மனுஷிக்கு என்னென்ன நேர்கிறது என்பதைத் தமிழாய்வுலகம் கண்டுகொள்ளவே இல்லை. தொல்காப்பியர் எந்த நூற்றாண்டுக்காரர் என்று சண்டை போடவே அதற்குப் பொழுது சரியாக இருக்கிறது.

அந்தத் தொல்காப்பியர், உள்ளத்து உணர்ச்சி உடலில் தெரியும் மெய்ப்பாடு எட்டு என்றார். அதற்குப் பேராசிரியர் உரை உண்டு (பெயரே பேராசிரியர், பதவி உயர்வில் ஆனவர் அல்லர்). எட்டும் எங்கள் டிவியிலேயே கிடைக்கின்றன. நகைக்குப் பற்பசை. அச்சத்துக்குப் பூதக்கண்ணாடிக்குள் நெளியும் பச்சைக் கிருமி. இளிவரலுக்கு, தட்டில் சோறு விழுந்ததும் தவறாமல் வரும் கக்கூஸ் கழுவும் திரவம். மருட்கைக்கு, இரண்டு நொடியில் கறுப்பு வெள்ளையாகும் சட்டை. வெகுளிக்கு, கடைசி ஓவரின் ஐந்தாம் பந்தை விழுங்கிய எந்த விளம்பரமும். உவகை, சீரியல் மறுபடி தொடங்குவது.

பெருமிதத்துக்கு மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். 1980-களின் சர்ஃப் விளம்பரத்தில் வந்த லலிதாஜி, காசைக் கணக்குப் பார்த்துச் செலவழிக்கிற, யாரிடமும் ஏமாறாத பெண்மணி. பேரம் பேசுவதில் கெட்டிக்காரியான தன் தாயை மனத்தில் வைத்தே அவரை உருவாக்கியதாக விளம்பரக்காரர் அலீக் பதம்சீ சொல்லியிருக்கிறார். "இவ நம்ம ஊர்க்காரி மாதிரில்லா இருக்கா" என்பது அத்தையின் துணிபு (மாமியார் உரை, சோபா அதிகாரம், 2).

இனி அழுகை. இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கே காரணம் என்கிறது நூல். இங்கேதான் சிக்கல். 1990-களின் தாரா எண்ணெய் விளம்பரத்தில், வீட்டைக் கோபித்துக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போன பொடியன், வீட்டில் ஜிலேபி என்றதும் திரும்பிவிடுகிறான். அவன் போனபோது அத்தை அழவில்லை, திரும்பியபோது அழுதார். 2013-இல் கூகுள் விளம்பரம்: பிரிவினையில் பிரிந்த தில்லித் தாத்தாவும் லாகூர் நண்பரும் சேரும் மூன்றரை நிமிடக் கதை. அதில் வரும் ஜஜரியா என்னும் இனிப்பை அத்தை கண்ணால் கண்டதில்லை. முந்தானை நனைந்தது. இதில் என்ன விற்கிறார்கள் என்று கேட்டேன். "விக்கிறது என்னமும் இருக்கட்டும் மாப்ள. அந்தக் கெழவரு பொறந்தநாளுக்கு வந்துட்டாருல்லா" (மேலது, குக்கர் மூன்றாம் விசிலுக்குப் பின், முந்தானை இடப்பக்க நுனி, ஈரப்படி). நான்கில் எதிலும் இது அடங்காது.

இவ்வாய்வின் கண்டுபிடிப்பு இனிமேல்தான். 1993 ஏப்ரல் 14-இல் சன் டிவி தொடங்கியது. அதன் பிறகு தாணேத் தமிழருக்கு வேறெங்கும் கிடைக்காத ஒரு வசதி வாய்த்தது: ஒரே விளம்பரத்தை ஒரே மாலையில் இந்தியில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை பார்ப்பது. அத்தையின் இந்தி, காய்கறிக்காரனோடு முடிந்துபோகிற இந்தி. 'கித்னா', 'கம் கரோ', 'நை சாஹியே'. ஆயினும் அவர் அழுவது இந்தியில். அதே விளம்பரம் தமிழில் வந்தால் சிரிக்கிறார். என்னை காரணம் எனின்:

இந்தி விளம்பரத்துப் பிள்ளை 'மா' என்று கூப்பிடும். நெடில், இரண்டு மாத்திரை. அதே வாய்க்குத் தமிழ்க் குரல் பொருத்தும்போது 'அம்மா' என்றாக வேண்டும். குறில் ஒன்று, மெய் அரை, நெடில் இரண்டு, ஆக மூன்றரை. வாய் இரண்டில் மூடிவிடுகிறது. குரல் மேலும் ஒன்றரை மாத்திரை அந்தரத்தில் தொங்குகிறது. மாத்திரைக்கு இலக்கணம் கண்ணிமைக்கும் நேரம். எனவே ஒரு தாய், பிள்ளையின் மூடிய வாயைப் பார்த்தபடி ஒன்றரை முறை இமைக்கிறாள். முதல் இமைப்பில் கண்ணீர் உள்ளே திரும்புகிறது. பாக்கி அரை இமைப்பில் சந்தேகம் பிறக்கிறது. "வாயி ஒண்ணு சொல்லுது, காதுல ஒண்ணு கேக்கு. யாரு பெத்த பிள்ளையோ, யாரு கூப்பிடுதாகளோ" (மாமியார் உரை, ஊஞ்சல் ஏடு, பின்பக்கம், பக்கத்து வீட்டு மராத்தி மாவ்ஷி சுவர் வழியே அருளிய மறுப்புரையோடு ஒப்புநோக்குக, அதற்குக் கையெழுத்துப் படி இல்லை, ஒலிப்படியே உண்டு, அதிலும் மிக்ஸி சத்தத்தால் சிதைந்த இடங்கள் பல).

சென்னையில் இருப்போர் தமிழை மட்டும் பார்ப்பதால் இந்த ஒன்றரை மாத்திரையை உணரார். அவர்களில் இதை மறுத்துக் கட்டுரை வாசிக்க விரும்புவோர் ஒரு வாரம் எங்கள் சோபாவில் தங்கலாம், பயணப்படி தருவதற்கில்லை.

சென்ற ஞாயிறு ஏதோ ஒரு சமையல் எண்ணெய் விளம்பரத்துக்கு அத்தை இந்தியில் அழுதார். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எண்ணெய் தீந்துட்டு மாப்ள. மாட்டுங்கா போனா செக்கு நல்லெண்ணெய் ரெண்டு லிட்டர் வாங்கிட்டு வாங்க. டிவி எண்ணெய் வேண்டாம்" (மாமியார் உரை, இறுதி அதிகாரம், பாடபேதம் இல்லை).

மாட்டுங்காவில் ஃபாஸ்ட் லோக்கல் ரயில் நிற்காது. ஸ்லோவில் போய் வாங்கி வந்தேன்.