ஆமா என்றால் அம்மா

நேபாளம் போகும்முன் பலர் அறிவுரை சொன்னார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2021 கணக்கெடுப்பின்படி அங்கே நூற்றுக்கு 81 பேர் இந்துக்கள். பசு தேசிய விலங்கு. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், வலது கையால் சாப்பிட வேண்டும், யாரையும் தாண்டிப் போகக் கூடாது. இதையெல்லாம் ஸ்காட்லாந்துக்காரன் படித்துத் தெரிந்துகொள்ளட்டும், திருநெல்வேலிக்காரனுக்கு எதற்கு?

காட்மாண்டுவில் இறங்கி, கடிகாரத்தை 15 நிமிடம் முன்னால் தள்ளிவைத்த கையோடு, டாக்ஸிக்காரரை ‘பாய்’ என்று கூப்பிட்டேன். நரைத்த மீசைக்காரர். முகம் சுருங்கிவிட்டது. நேபாளியில் பாய் என்றால் தம்பி. மூத்தவரை அப்படிக் கூப்பிடுவது மரியாதை இல்லை. அண்ணனுக்கு என்ன சொல்வது என்று இந்தியில் கேட்டேன். ‘தாய்’ என்றார். அந்த மீசையைத் தாய் என்றழைக்க என் நாக்கு சற்றுக் கூசியது. அப்படியானால் தாய்க்கு? ‘ஆமா’. சரிதான் என்று வாயை மூடிக்கொண்டேன்.

தங்கியது பாட்டன் நகரில், நண்பர் வீட்டில். நண்பரின் ஆமா வாசலிலேயே “கானா கானுபயோ?” என்றார். நமக்குக் கானா என்றால் பாட்டு, அவர்களுக்குச் சோறு. ‘சாப்பிட்டாச்சா’ என்று விசாரிக்கிறார், நம் ஊரைப் போலவே. அந்த நிம்மதியில், நடுவில் வைத்திருந்த செம்பை எடுத்து வாய் வைத்து மடமடவென்று குடித்தேன். அறை அமைதியாகிவிட்டது. வீட்டுக் குட்டிப் பெண் மட்டும் “ஜூட்டோ!” என்று கத்தினாள். ஜூடோ விளையாடக் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக் கையைத் தூக்கிக் காட்டினேன். நண்பர் காதருகே வந்து விளக்கினார். ஜூட்டோ என்றால் எச்சில். செம்பு உள்ளே போய்விட்டது.

எச்சில்! இந்த ஒரு சொல்லுக்காக என் பாட்டியிடம் நான் வாங்கிய அடி கொஞ்சமா? அண்ணாந்து குடிக்கத் தெரியாமல் மூக்கில் தண்ணீர் ஏறி அழுதவன் நான். இடையில் பிளாஸ்டிக் பாட்டில் வந்து எல்லாவற்றையும் மறக்கடித்துவிட்டது.

மறுநாள் பௌத்தநாத் ஸ்தூபி. எதிர்ப்பக்கம் ஒரு டீக்கடை தெரிந்தது. குறுக்குவழி என்று இடஞ்சுற்றாக நடந்தேன். ஒருவழிப் பாதையில் எதிரே வந்த ஆட்டோவின் கதிதான். ஜெபமாலையும் மந்திரச் சக்கரமுமாக ஊரே வலமாக வந்துகொண்டிருந்தது. ஒரு திபெத்தியப் பாட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. என் தோளைப் பிடித்தார், சக்கரத்தைத் திருப்புவது போல என்னையும் திருப்பிவிட்டுப் போனார். நவக்கிரகத்தை ஒன்பது சுற்று எண்ணிச் சுற்றுகிறவனுக்கு இப்படி ஓர் அவமானம்.

பசுபதிநாதர் கோயிலில் மானத்தை மீட்டுவிடலாம் என்று போனேன். மூலக் கோயிலுக்குள் இந்துக்களுக்கு மட்டுமே அனுமதி. கருவறையில் பூஜை செய்பவர்களோ காலங்காலமாகத் தென்னிந்தியாவிலிருந்து போகும் பட்டர்கள். மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி நடந்தேன். வாசலிலேயே நிறுத்தினார்கள். தோல் பொருள் உள்ளே ஆகாது. பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள். பேன்ட் ஒரு சுற்று பெரிது. ஒரு கையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் கையால் கும்பிட்டேன். லிங்கத்துக்கு நான்கு திசையிலும் நான்கு முகம். எந்த வாசலுக்கு நகர்ந்தாலும் ஒரு முகம் பார்த்துக்கொண்டே இருந்தது.

வெளியே, பாக்மதி ஆற்றின் கரையில் சிதைகள் எரிந்துகொண்டிருந்தன. அக்கரையிலிருந்து சிலர் நீள லென்ஸ் வைத்துப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். கொள்ளி வைத்த பையனுக்கு இருபது வயது இருக்கும். என் போனைப் பைக்குள் போட்டுவிட்டேன். நம் வீட்டுச் சாவில் முன்பின் தெரியாதவன் கேமராவோடு வந்து நின்றால் சும்மா விடுவோமா?

இரவு பருப்பும் சோறும். இம்முறை செம்பைத் தூக்கி அண்ணாந்தே குடித்தேன். பாதி சட்டைக்குப் போனாலும் குட்டிப் பெண் கைதட்டினாள். வயிறு முட்டிவிட்டது. நண்பரின் தாயார் கரண்டியோடு வந்து “புக்யோ?” என்றார். போதுமா என்று கேட்கிறார். அது எனக்குப் புரிந்துவிட்டது. பெருமையோடு தலையாட்டி “ஆமா, ஆமா” என்றேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. இரண்டு கரண்டிச் சோறு குவிந்தது. என் தட்டில் விழுந்தபின் அது ஜூட்டோ. திருப்பிப் போடவும் வழியில்லை.